என் நிறம் தெரிந்தவர்கள்

இந்த மலாய் நாட்டில் எலுமிச்சைச் சாறு கேட்டால், குவளைக்குள் ஒரு உப்புப் பழத்தைப் போட்டுத் தருகிறார்கள். அசாம்போய் என்று அதற்குப் பெயர். ஏதோ ஒரு பழத்தை உப்பில் ஊறவைத்து, சுருங்கக் காயவைத்து, கொட்டையோடு விற்கிறார்கள். வந்த புதிதில் கிள்ளானில் ஒரு சீனர் கடையில் அதைப் பார்த்து, குவளையில் என்னவோ விழுந்து கிடக்கிறது என்று கரண்டியால் எடுத்து மேசை ஓரத்தில் வைத்தேன். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். என்னவென்று கேட்கக் கூச்சம். நம் ஊரில் எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டால் அது கரைந்து மறைந்துபோகும். இங்கே உப்பு முழுசாக மிதந்துகொண்டிருக்கிறது. நான்காவது வருடத்தில் எல்லாம் மாறிவிட்டது. சாற்றை அப்படியே வைத்துவிட்டுப் பழத்தை மட்டும் சப்பிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். மீன் கடைக்குப் போனால் கருவாட்டு வாசனைக்கு நாக்கு ஊறும். கஞ்சியில் எல்லாரும் போடுவதைப்போல இரண்டு மடங்கு உப்புப் போட்டுக்கொள்வேன். இந்த ஊர் என் நாக்கில் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேனே தவிர, உடம்பு எதையோ கேட்கிறது என்று நினைக்கவில்லை.

நான் வேலை பார்ப்பது கிள்ளானில் மசாலா அரைக்கும் மில்லில். மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் மூட்டையாக வந்து, தூளாகிப் பொட்டலமாகப் போகும். முதலாளி இங்கேயே பிறந்த தமிழர். பொட்டலம் கட்டும் பகுதியில் சரோஜா அக்கா இருக்கிறார், பந்திங்கிலிருந்து பஸ்ஸில் வருபவர். நான் அறந்தாங்கிப் பக்கத்துக்காரன், ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மனைவி செல்வியும் மகளும் ஊரில் இருக்கிறார்கள். மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் படித்து முடிக்கும்வரையாவது நான் இங்கே நிற்க வேண்டும். இங்கே வேலைக்கு வந்திருக்கிற உங்களில் பலருக்கும் கணக்கு இப்படித்தான் இருக்கும்.

முதலில் பசி போனது. பிறகு காலையில் பல் துலக்கும்போதே குமட்டல். வாரத்தில் பாதி நாள் வயிற்றுப்போக்கு. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும், மில் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன். பிறகு அதற்கும் உள்ளே இன்னொன்று. ஒரு கையில் தூக்கிய மூட்டையை இரண்டு கையால் இழுத்தேன். முதலாளி கெட்டவர் இல்லை, ஆனாலும் ஒரு நாள் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தார்.

"தண்ணி கிண்ணி அடிக்கிறியா?"

"இல்ல பாஸ்."

"அப்ப என்னா, ஊருக்குப் போற ஐடியாவா?"

சரோஜா அக்காதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "பாஸ், அவரு கிளாஸ்ல வெறும் சுடுதண்ணிதான் இருக்கு. நானே ஊத்திக் குடுத்தேன் லா."

எல்லாரும் ஒரு காரணம் சொன்னார்கள். மிளகாய்த் தூளில் நாள் பூராவும் நிற்பவனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும் என்றார்கள். ஊர் நினைப்பு என்றார்கள். நான் கறுத்துக்கொண்டே வந்ததை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. நானும்தான் கவனிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வேலை பெர்மிட் புதுப்பிக்க உடம்புப் பரிசோதனை வந்தது. இங்கே வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். நோயைவிட, நோய் தெரிந்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களே என்பதுதான் பெரிய பயம். நெஞ்சைப் படம் எடுத்தார்கள், ரத்தம், சிறுநீர் எடுத்தார்கள். "ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்று தலையாட்டிவிட்டு, கீழே இறங்கி வந்து சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தேன். சில நாளில் முடிவு வந்தது. வேலைக்குத் தகுதி. அவர்கள் தேடிய நோய்கள் எதுவும் என்னிடம் இல்லை, அது உண்மைதான். அந்தத் தாளில் நான் நன்றாக இருந்தேன்.

பிறகு கிள்ளானில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனேன். வயதான சீன டாக்டர். பொறுமையானவர். வயிற்றை அழுத்திப் பார்த்தார், மலம் சோதித்தார், ரத்தத்தில் சர்க்கரை, உப்பு, கல்லீரல் எல்லாம் பார்த்தார். ஒவ்வொரு தாள் வரும்போதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஓகே... இதுவும் ஓகே" என்பார். நல்ல செய்திதான் சொல்கிறார், எனக்கு அழுகை வரும். தைராய்டு மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. அதற்கு மாத்திரை எழுத ஆரம்பித்தவர் பேனாவை வைத்துவிட்டு, "வேண்டாம், ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்" என்றார். அந்த ஒரு தயக்கத்துக்கு நான் எவ்வளவு கடன்பட்டவன் என்பது பின்னால்தான் தெரிந்தது. வயிற்றுக்குக் கொடுத்த மாத்திரைகள் எதுவும் கேட்காததால், உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லி பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் ஒரு வயிற்று நிபுணருக்கு எழுதிக் கொடுத்தார்.

கிள்ளானிலிருந்து ரயிலில் போய் இறங்கி நடந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் பூக்கடை, பாட்டுச் சத்தம், வடை வாசனை. மறந்தால் ஊர்க் கடைத்தெரு என்றே தோன்றும். தலை சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே நடைபாதையில் பார்வையற்றவர்களுக்காக மேடும் பள்ளமுமாக மஞ்சள் பட்டை பதித்திருக்கிறார்கள். அதன்மேல் காலைத் தேய்த்துத் தேய்த்துப் போனேன். எதிரே கைத்தடியோடு வந்த ஒருவர், தடி என் காலில் தட்டியதும் நின்று, தமிழில் "அண்ணே, நீங்க போங்க" என்று ஒதுங்கி வழிவிட்டார். எனக்கும் கண் தெரியாது என்று நினைத்திருப்பார். நான் பட்டையை விடாமல் அப்படியே நடந்தேன்.

வயிற்று நிபுணர் தமிழர். பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாகப் பேசினார். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "லேசா புண் இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. மனசுல டென்ஷன் உண்டா?" என்றார். இல்லை என்றேன். மனசில் இருந்த டென்ஷன் எல்லாம் இந்தக் குழாய்தான் என்று சொல்ல ஆசை, தைரியம் இல்லை. மாத்திரை கொடுத்து, "காரம், எண்ணெய், புளிப்பு குறைங்க" என்று அனுப்பினார்.

அதற்குப் பிறகு நடந்தது என் சொந்த வேலை.

எனக்கு இருபது வயதுக்குள் மஞ்சள் காமாலை வந்தது. அறந்தாங்கியில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த காலம். வைத்தியர் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார். கொடுக்கும்போதே, "மருந்து பாதி, பத்தியம் பாதி. உப்பு நாக்குல பட்டா என்கிட்ட வராதே" என்றார். உப்பில்லாத சோறு, உப்பில்லாத மோர். அண்ணி சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, நான் விழுங்குவதைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குள் போய்விடுவார். கண்ணில் மஞ்சள் இறங்கி, பத்தியம் முறித்த அன்று அண்ணி வைத்த ரசத்தின் ருசி இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து என் மனதில் ஒன்று பதிந்துவிட்டது: பத்தியம் இல்லாமல் தின்கிற மருந்து உடம்பில் ஒட்டாது. பத்தியம் என்பது மருந்துக்கு நாம் செய்யும் மரியாதை.

இங்கே எந்த டாக்டரும் பத்தியம் சொல்வதில்லை. மாத்திரையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, நம்பர் கூப்பிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இத்தனை மருந்தும் எனக்குப் பலிக்காமல் போனதற்கு அதுதான் காரணம் என்று ரயிலில் திரும்பும்போது முடிவு செய்தேன். நிபுணர் காரம், எண்ணெய், புளிப்பு என்றார். உப்பை விட்டுவிட்டார். இந்த நாட்டில் பிறந்தவர், அவருக்குத் தெரிந்திருக்காது. நானே சேர்த்துக்கொண்டேன். அசாம்போய்ப் பொட்டலத்தைச் சரோஜா அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

"என்னா தம்பி, பொண்டாட்டிய டிவோர்ஸ் பண்ற மாதிரி குடுக்குறீங்க?"

"பத்தியம் அக்கா."

"அப்பிடின்னா?"

எடுத்துச் சொன்னேன். பிள்ளை பெற்றவர்களுக்கு இங்கேயும் உண்டு, ஆனால் டாக்டர் மாத்திரைக்கெல்லாம் யார் இருப்பார்கள் என்றார். நான் இருந்தேன். உப்பில்லாத கஞ்சியை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். ஒவ்வொரு நாளும் இன்னும் மோசமானது. நோய் முறிவதற்கு முன் முற்றும் என்று ஊரில் சொல்வார்கள், அதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் மல்லி மூட்டையின் வாயைப் பிரித்தது தெரியும். அடுத்து, மில் கூரையும் சரோஜா அக்காவின் முகமும் மேலே தெரிந்தன. வாந்தி நிற்கவில்லை. முதலாளி தன் காரிலேயே என்னைப் படுக்கப் போட்டு சரோஜா அக்காவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சீட்டெல்லாம் நாசமாகிறதே என்று நான் எழப் பார்த்தேன். "படுடா, சீட்டு கழுவலாம்" என்றார். முதல் தடவையாக என்னை டா போட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் ஒரு மலாய்ப் பெண் டாக்டர், தலைக்கு முக்காடு போட்டவர், என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். அவசரத்துக்கு எடுத்த ரத்தத்தில் உப்பு மிகவும் இறங்கியிருந்தது, சர்க்கரையும் இறங்கியிருந்தது. அவர் தாளைப் பார்த்தார். பிறகு தாளைக் கட்டிலில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளங்கையை விரித்து ரேகைகளைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல் ஈறுகளை டார்ச் அடித்துப் பார்த்தார். வயிற்றில் பழைய ஆபரேஷன் தழும்பைத் தடவினார். பிறகு மலாயில் கேட்டார்: "அங்கிள், உங்கள் தோல் முன்பிருந்தே இப்படிக் கறுப்பா?"

இந்த நாட்டில் பஸ்ஸிலும் கடையிலும் என் நிறத்தைப் பற்றிச் சில சமயம் காதில் விழும் பேச்சு உண்டு. சாகப்போகிற நேரத்தில் டாக்டருமா என்று நினைத்தேன். தெரிந்த மலாயில், "ஆமாம் டாக்டர். நான் தமிழன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. என் தோளைத் தொட்டு, "இல்லை இல்லை, அங்கிள், அதற்காகக் கேட்கவில்லை" என்றார். பக்கத்தில் நின்ற சரோஜா அக்காவிடம் திரும்பி, முன்பு இவர் எப்படி இருப்பார் என்று கேட்டார். அக்கா என்னை உற்றுப் பார்த்தார். "எப்பவும் இப்பிடித்தான் டாக்டர்" என்றார். பொய் இல்லை. தினமும் பார்க்கிறவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது எப்படித் தெரியும்? முதலாளியும் உதட்டைப் பிதுக்கினார். என் பழைய நிறம் தெரிந்த ஒரு ஆள் இந்த நாட்டில் இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஊரில் யாராவது?" என்றார் டாக்டர்.

அக்கா என் போனில் செல்வியைக் கூப்பிட்டார். படத்தோடு பேசும் அழைப்பு. என் கையில் ஏறும் ட்ரிப்ஸைப் பார்த்ததும் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கா அதட்டினார்: "அழுவாதம்மா, டாக்டரு ஒண்ணு கேக்குறாங்க, அதுக்கு மட்டும் பதில் சொல்லு. உன் வீட்டுக்காரரு என்னா கலரு?"

செல்வி அழுகையை நிறுத்திவிட்டு விழித்தாள். "கலரா? மாநிறங்க. எங்க வீட்டுல என்னையவிட இவுகதான் நிறம்னு கல்யாணத்துல பேசிக்கிட்டாங்க."

"இப்பப் பாரு, எப்பிடி இருக்காரு?"

"கறுப்பாத்தான் தெரியுறாக. ரொம்ப நாளா அப்படித்தான் தெரியுது. நான் போன்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."

பக்கத்திலிருந்து மகளின் குரல் கேட்டது: "நான் லைட்டப் போட்டுட்டுப் பேசுங்கன்னு சொல்லிட்டே இருந்தேன்ல அப்பா?" ஆமாம், சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். அவளுக்காக நான் குழல்விளக்குக்கு அடியில் போய் நின்று பேசியிருக்கிறேன்.

அக்கா மலாயில் எடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார். இன்னொரு குழாயில் ரத்தம் எடுத்தார்கள். கையோடு ஒரு ஊசியும் போட்டார்கள். சோதனை முடிவு வர நேரமாகும், அதுவரை காத்திருந்தால் இவர் தாங்கமாட்டார் என்றாராம். பொழுது சாய்வதற்குள் எனக்குப் பசித்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த பசி. வெறும் ரொட்டியைக் கேட்டு வாங்கித் தின்றேன்.

மறுநாள் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். புரிந்த அளவுக்கு எழுதுகிறேன். சிறுநீரகத்துக்கு மேல் ஆளுக்கு இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. உடம்பில் உப்பைப் பிடித்துவைப்பதும், ஆளை விழாமல் நிறுத்திவைப்பதும் அவை சுரக்கிற நீர்தான். எனக்கு அவை வற்றிவிட்டன. தொந்தரவு முழுக்க வயிற்றில் தெரிந்ததால் எல்லாரும் வயிற்றைச் சோதித்தார்கள். வயிற்றில் குற்றம் இல்லை, அதனால் தாளிலும் குற்றம் இல்லை. தோல் கறுப்பதும் இதனால்தான்; கைரேகை, ஈறு, தழும்பு எல்லாம் கூடுதலாகக் கறுக்குமாம். வெள்ளைக்காரனுக்கு வந்தால் தெருவில் போகிறவர்களே கண்டுபிடிப்பார்களாம். தைராய்டு மாத்திரையை மட்டும் முன்பே ஆரம்பித்திருந்தால் நிலைமை அப்போதே மோசமாகியிருக்கலாம் என்றார். அந்தச் சீன டாக்டரை மனதுக்குள் கும்பிட்டேன்.

பிறகு, "போன வாரம் சாப்பாட்டில் என்ன மாற்றினீர்கள்?" என்று கேட்டார். கொஞ்சம் பெருமையாகவே பத்தியத்தைச் சொன்னேன்.

"உப்பை நிறுத்தச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லவில்லை டாக்டர். மருந்துக்கு மரியாதை."

அவர் சிரிக்கவில்லை. அசாம்போய், கருவாடு, கஞ்சி எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். "அங்கிள், இத்தனை நாளும் உங்களுக்கு நீங்களே வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் தின்ற உப்பால்தான் முன்பு எடுத்த ரத்தத்தில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. உப்பை நிறுத்தியதும் நோய் வெளியே வந்துவிட்டது. நீங்கள் பிழைத்தது அதிர்ஷ்டம். இன்னொரு தடவை இப்படிச் செய்யக் கூடாது." என்னைக் காப்பாற்றியது, நான் கெட்ட பழக்கம் என்று விட்டது. என்னைக் கொல்லப் பார்த்தது, நான் பக்தியோடு செய்தது. ஆனால் அந்தப் பக்தி இல்லாவிட்டால் தாள்கள் இன்னும் "ஓகே" என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

பின்னொரு காலையில் ஊசி போட்டு, முன்னும் பின்னும் ரத்தம் எடுத்து உறுதி செய்தார்கள். காலையில்தான் எடுக்க வேண்டுமாம். அந்தச் சுரப்பி நீர் விடியலில் ஏறி, சாயங்காலம் இறங்கும். எந்த நேரத்தில் கேட்கிறோமோ அதற்குத் தகுந்த பதில்தான் ரத்தம் சொல்லும் போலிருக்கிறது. டாக்டர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நேற்றுவரை எப்படி இருந்தான் என்று சொல்ல ஆள் இல்லாதவன். கேட்ட கேள்விக்கும் ஒன்றுமில்லை என்று தலையாட்டுகிறவன். உங்களில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், டாக்டரிடம் போகும்போது ஊரில் உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்: நான் முன்பு எப்படி இருந்தேன்?

இது தொற்றும் நோய் இல்லை என்று டாக்டர் முதலாளியிடம் சொன்னார். மாத்திரை மட்டும் வாழ்நாள் முழுக்க, ஒரு வேளைகூட விடக் கூடாது. முதலாளி கொஞ்சம் யோசித்தார். "மூட்டை தூக்க வேணாம், மிஷின் பாத்துக்க. வெயில் காலத்துல விழுந்து தொலைக்காதே" என்றார். இந்த ஊரில் வருடம் பூராவும் வெயில் காலம்தான். நான் வேலையில் இருக்கிறேன். மகளும் படித்துக்கொண்டிருக்கிறாள்.

மயங்கி விழுந்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று, கழுத்தில் ஒரு தகடு போட்டுக்கொள்ளச் சொன்னார் டாக்டர். கிள்ளானில் சாவி செய்யும் சீனர் ஒருவர் நாய்க் கழுத்துக்கும் சாமான் பெட்டிக்கும் பெயர்த் தகடு வெட்டிக் கொடுப்பவர். டாக்டர் எழுதிக் கொடுத்தபடி நோயின் பெயர், போட வேண்டிய ஊசி, முதலாளியின் போன் நம்பர் எல்லாவற்றையும் மலாயில் வெட்டினார். தகட்டைத் திருப்பி, இந்தப் பக்கம் என்ன என்று கேட்டார். ஊரில் வெட்டிக்கொள்கிறேன் என்றேன்.

லீவில் ஊருக்குப் போனபோது, செல்வியோடு அறந்தாங்கியில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். பித்தளை, எவர்சில்வர் பாத்திரத்தில் சீர் கொடுக்கிறவர் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டும் மிஷின் அங்கே இருந்தது. வெட்டுகிறவர் தகட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"கழுத்துல மாட்டுற டம்ளர இப்பத்தான் பாக்குறேன். யாரு சீரு?"

"என் சீருதான்" என்றாள் செல்வி. "நான் சொல்றத வெட்டுங்க."

அவள் சொல்லச் சொல்ல அவர் வெட்டினார். மயங்கிக் கிடந்தால் இன்ன ஊசி போடவும், இந்த நம்பருக்குக் கூப்பிடவும். அது அவளுடைய நம்பர். ஊர்ப் பெயருக்கு இடம் பத்தாது என்றார், இருக்கட்டும் என்றோம். பாதியில் நிறுத்தி, "தகடு மெல்லிசு அண்ணே, அந்தப் பக்கம் புடைக்குதே, பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

இப்போது கிள்ளானில் மில் ஓடிக்கொண்டிருக்கும்போது, சட்டைக்குள் கை விட்டு அந்தத் தகட்டைத் தடவிப் பார்ப்பதுண்டு. எடுத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது மலாய் எழுத்துத்தான். விரலுக்குத் தட்டுப்படுவது, பின்னாலிருந்து புடைத்துக்கொண்டு நிற்கும் தமிழ்ப் புள்ளிகள், இடம் வலமாகத் திரும்பிப்போய்.